பெயர் ஒன்று, அளவு வேறு

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஆலங்குளத்துக்குச் சாரல் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். காற்று மட்டும் தவறாமல் வந்துவிடும். அந்தக் காற்றுக்காக வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பையன் மடிக்கணினியும் கையுமாக வந்தான். மத்தளம்பாறையில் ஜோஹோ வந்த பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணினி வேலை என்பது சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்த்தான் பார்க்க வேண்டிய வேலை என்ற எண்ணம் போய்விட்டது. இவன் வேறொரு சின்ன கம்பெனியில், வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறான்.

"பெரியப்பா, ஒரு சந்தேகம். இந்தப் பக்கம் 200ன்னு அனுப்புதேன். அந்தப் பக்கம் மைனஸ் 56ன்னு போய் நிக்கி. ரெண்டு பக்கமும் 'பைட்'னுதான் எழுதியிருக்கேன். நாலு நாளா தூக்கம் இல்ல."

"இந்தப் பக்கம் சி ஷார்ப், அந்தப் பக்கம் ஜாவாவா?" என்று கேட்டேன்.

அவன் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே! கைலி கட்டிக்கொண்டு வாசலில் காற்று வாங்குகிற கிழவனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று அவனுக்கு ஆச்சரியம். எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை பெரிது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். இது மரக்கால் கதைதான்.

என் அப்பா தானியக் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். எங்கள் பக்கத்தில் 21 மரக்கால் ஒரு கோட்டை. ஆனால் மரக்கால் என்பது ஊருக்கு ஊர் வேறு. ஓர் ஊரில் அளந்து ஏற்றிய நெல்லை இன்னோர் ஊர் மரக்காலால் அளந்தால் குறையும், அல்லது கூடும். யாரும் திருடவில்லை. இரண்டு பேரும் மரக்கால் என்றுதான் சொன்னார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவும் இல்லை. அப்பா கணக்கு எழுதும்போது எண்ணை மட்டும் எழுத மாட்டார். இத்தனை மரக்கால், இன்ன ஊர் மரக்கால் என்று எழுதுவார்.

இன்னொன்றும் சொல்வார். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. நான் பிறந்த வருஷம். பதினாறு அணா சேர்ந்த ரூபாய் நூறு நயா பைசா ஆனது. அப்படியானால் ஓர் அணா ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு ரூபாயை மொத்தமாக மாற்றினால் 100 பைசா. அதையே ஓரணா ஓரணாவாகப் பதினாறு தடவை மாற்றினால் 96 பைசாதான். "நாலு பைசா எங்கடா போச்சு?" என்று அப்பா என்னைக் கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. "எங்கேயும் போகல. மாத்துற இடத்துல உதிர்ந்துட்டு. ஒரு அளவிலேருந்து இன்னொரு அளவுக்கு மாத்தும்போது எப்பவும் கீழே குனிஞ்சு பாரு" என்பார்.

என் முப்பது வருஷ வேலையும் அந்த ஒரு வாக்கியம்தான். அதை நான் மறந்த ஒரு நாளும் உண்டு.

எண்பதுகளில் மதுரையில் ஓர் அலுவலகத்தில் கோபால் என்ற கணினி மொழியில் சம்பளக் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தேன். அம்மாவிடம் "கோபாலில் எழுதுகிறேன்" என்றால், "யாரு அந்தப் பையன்? எந்த ஊரு?" என்பாள். பிறகு சி மொழி வந்தது, ஃபாக்ஸ்புரோ வந்தது, விஷுவல் பேசிக் வந்தது, ஜாவா, டாட் நெட் எல்லாம் வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் பழைய கணக்கைப் புதிய மொழிக்குக் குடிபெயர்க்க வேண்டும். பாத்திரம் பண்டத்தோடு வீடு மாறுவது போலத்தான்.

இதில் பாத்திரம் என்பதுதான் முக்கியம். கணினியில் எந்த எண்ணையும் ஒரு பாத்திரத்தில்தான் வைக்க முடியும். பாத்திரத்தின் அளவை பிட் என்ற கணக்கில் சொல்வார்கள். 16 பிட் பாத்திரத்தில் அதிகபட்சம் 32,767 வரை வைக்கலாம். 32 பிட் பாத்திரத்தில் 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம் வரை வைக்கலாம். சி மொழியில் முழு எண் வைக்கும் பாத்திரத்துக்கு 'இன்ட்' என்று பெயர். ஆனால் அதன் அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். பழைய டாஸ் கணினிகளில் 16, பின்னால் வந்தவற்றில் 32. ஊருக்கு ஊர் மரக்கால் என்று சொன்னேனே, அதேதான்.

1995ல் வந்த ஜாவா இதற்கு ஒரு முடிவு கட்டியது. எந்த இயந்திரமானாலும் இன்ட் என்றால் 32 பிட்தான் என்று லிட்டர் மாதிரி நிர்ணயித்துவிட்டார்கள். 2002ல் டாட் நெட் வந்தபோது மைக்ரோசாஃப்ட் இன்னொரு படி போனது. அதன் கீழ் பல மொழிகள் இயங்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக முத்திரை குத்திய ஒரே பாத்திர வரிசை. சி ஷார்ப்பில் 'இன்ட்' என்பீர்கள், விஷுவல் பேசிக்கில் 'இன்டிஜர்' என்பீர்கள். இரண்டும் உள்ளே 'இன்ட்32' என்ற ஒரே பாத்திரம். ஒரே பெண்ணை ஒருவர் மைனி என்கிறார், ஒருவர் சித்தி என்கிறார், ஒருவர் அத்தை என்கிறார். ஆள் ஒன்றுதானே!

இதில் வம்பு இல்லை. ஒரே ஆளுக்குப் பல பெயர் இருந்தால் சமாளித்துவிடலாம். பல ஆளுக்கு ஒரே பெயர் இருந்தால்தான் வம்பு. நம் தெருவில் இசக்கி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தபால்காரரைக் கேளுங்கள், அவர் படும் பாட்டைச் சொல்வார்.

பழைய விஷுவல் பேசிக்கில் 'இன்டிஜர்' என்றால் 16 பிட், 'லாங்' என்றால் 32 பிட். டாட் நெட் விஷுவல் பேசிக்கிலோ 'இன்டிஜர்' 32 ஆகிவிட்டது, 'லாங்' 64 ஆகிவிட்டது. பழைய 16 பிட்டுக்கு 'ஷார்ட்' என்று புதுப் பெயர். மொழியின் பெயரும் அதேதான், பாத்திரத்தின் பெயரும் அதேதான், அளவு மட்டும் இரட்டிப்பு. பழைய நிரல் கோப்பில் எழுதி வைத்ததைப் புதிய நிரலில் அதே பெயரைப் போட்டுப் படித்தால், இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவர் இலையில் போட்டமாதிரி எல்லாம் கலந்துவிடும்.

இந்த விஷயத்தில் அலுவலகத்தில் நான்தான் வாத்தியார். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். ஜாதகப் பொருத்தம் மாதிரி. "பெயர்ப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் பண்ணாதீங்க, அளவுப் பொருத்தம் பாருங்க" என்று கிண்டலாகச் சொல்வேன். அவர்களுக்கு ஏரியான் 5 ராக்கெட் கதையையும் சொல்வேன். 1996 ஜூன் 4ஆம் தேதி தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய ஐரோப்பிய ராக்கெட் அது. 64 பிட் பாத்திரத்தில் இருந்த ஒரு வேக அளவை 16 பிட் பாத்திரத்துக்குள் மாற்றினார்கள். முந்தைய ஏரியான் 4ல் ஒழுங்காக ஓடிய நிரல்தான். புது ராக்கெட்டின் வேகம் அதிகம். எண் பாத்திரத்தில் கொள்ளவில்லை. கிளம்பிய 40 விநாடிக்குள் ராக்கெட் வானத்திலேயே சிதறியது.

ராக்கெட் கதை சொல்லிப் பயமுறுத்திய அந்த வாத்தியார்தான் 2006ல் மாட்டிக்கொண்டார்.

தொழிலாளர் குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்கும் ஓர் அமைப்புக்கு நாங்கள் நிரல் எழுதிக் கொடுத்தோம். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் எட்டு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் மையத்தின் எண், மீதி ஆறு வரிசை எண். அவர்கள் வைத்திருந்த பட்டியல் எக்செல் கோப்பில் இருந்தது. அதை அப்படியே எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுக்கிடங்கில் ஏற்றினோம். எக்செலிலிருந்து ஏற்றும்போது எண் பத்தி எதுவானாலும் அது 'ஃப்ளோட்' என்ற பாத்திரத்தில்தான் போய் உட்காரும். புள்ளி வைத்த தசம எண்களுக்கான பாத்திரம் அது.

நான் அதைப் பார்த்தேன். சி ஷார்ப்பிலும் 'ஃப்ளோட்' உண்டு. கிடங்கில் ஃப்ளோட், நிரலில் ஃப்ளோட். பெயர்ப் பொருத்தம் பிரமாதம். எழுதிவிட்டேன்.

நிரல் ஓடவில்லை. இந்த மாற்றம் பொருந்தாது என்று பிழை காட்டி நின்றது. இன்று யோசித்தால் அந்த இயந்திரத்தைக் கும்பிடத் தோன்றுகிறது. அது தன் கடமையைச் செய்தது. சி ஷார்ப்பின் 'ஃப்ளோட்' 32 பிட். எஸ்க்யூஎல் சர்வரின் 'ஃப்ளோட்' 64 பிட். அதற்குச் சரியான ஜோடி சி ஷார்ப்பில் 'டபுள்'. சி ஷார்ப் ஃப்ளோட்டுக்குச் சரியான ஜோடி கிடங்கில் 'ரியல்' என்ற வேறொரு பெயரில் இருந்தது. முழு எண்ணுக்கு இருபது தடவை அட்டவணை போட்ட நான், தசம எண்ணுக்கு ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

மறுநாள் காலை நிரலை ஒப்படைக்க வேண்டும். இரவு பதினொரு மணி. 'கன்வெர்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்துவிடும். போட்டேன். பிழை போய்விட்டது. முதல் மூன்று மையங்களின் பட்டியலை வைத்துச் சோதித்தோம். ஓர் எண்கூடப் பிசகவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாக வாருங்கள். 32 பிட் ஃப்ளோட்டில் எண்ணுக்கென்று இருப்பது 24 பிட் இடம்தான். மீதி, புள்ளி எங்கே என்று குறித்துக்கொள்வதற்கும் கூட்டல் கழித்தல் குறிக்கும் போய்விடும். 24 பிட்டில் 1,67,77,216 வரை எல்லா முழு எண்ணையும் பிசகாமல் எழுதலாம். அதைத் தாண்டினால் இரட்டைப்படை எண்களுக்கு மட்டும்தான் இடம். திருநெல்வேலி சாலையில் கொஞ்ச தூரம் வரை கிலோமீட்டருக்கு ஒரு கல், அதற்குப் பிறகு இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கல் என்று நட்டிருந்தால் எப்படி இருக்கும்? நடுவில் இருக்கிற வீட்டுக்காரர் பக்கத்துக் கல்லைத்தான் தன் அடையாளமாகச் சொல்ல வேண்டும்.

1, 2, 3 என்று ஆரம்பிக்கும் மையங்களில் எண்கள் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை. அதனால் சோதனையில் எதுவும் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்திருந்த மையத்தின் எண் 17.

என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, பீடி சுற்றுகிறவள். மடியில் சுளவு, அதில் வெட்டிய இலை, தூள், நூல். கை அது பாட்டுக்கு ஓடும், வாய் அது பாட்டுக்குக் கதை பேசும். கூட உட்கார்ந்து சுற்றுவது மேலத் தெருவிலிருந்து வரும் அவள் சிநேகிதி. இருபது வருஷமாக ஒரே திண்ணை. உறுப்பினராகச் சேர்ந்த அன்றும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வரிசையில் நின்றார்கள். சிநேகிதி முன்னால், அத்தை பின்னால். அத்தையின் எண் 17004213. சிநேகிதியின் எண் 17004212.

அந்த வருஷம் இரண்டு பேர் பெண்களும் கல்லூரியில் சேர்ந்தார்கள். படிப்பு உதவிக்கு இரண்டு பேரும் மனுப் போட்டார்கள். இரண்டு பேருக்கும் மஞ்சூர் ஆனது. சிநேகிதியின் கணக்கில் இரண்டு தடவை பணம் விழுந்தது. அத்தை கணக்கில் ஒன்றும் இல்லை.

சிநேகிதி அதை இரண்டு தவணை என்று நினைத்துக்கொண்டு பிள்ளைக்குச் செலவழித்துவிட்டாள். அத்தை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். "உங்கள் பணம் போயாச்சும்மா, கம்ப்யூட்டர்ல காட்டுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் சிநேகிதியின் பாஸ்புக்கில் இரண்டு வரவு இருப்பது தெரிந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? "என் பணத்த ஆள வச்சி மாத்தி வாங்கிட்டா" என்று இவளும், "ஏழையானாலும் அடுத்தவ காசத் தொடமாட்டேன்" என்று அவளும் நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்டார்கள். திண்ணை காலியானது. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்க, அத்தை ஆச்சியின் பாம்படத்தை அடகு வைத்தாள். எங்கள் குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஒரே பழைய நகை அது.

ஆடி மாசம் ஊருக்கு வந்தபோது அத்தை அட்டையும் கையுமாக வந்தாள்.

"மருமவனே, நீ கம்ப்யூட்டர்ல பெரிய வேல பாக்கியாம்லா? இந்த நம்பரு பணம் எங்க போச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லுய்யா. அவ திருடியிருப்பான்னு என் மனசு சொல்லல. ஆனா பணம் அங்கதானே கெடக்கு?"

அட்டையின் தலைப்பில் அந்த அமைப்பின் பெயரைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மதுரைக்குப் போய் முதல் வேலையாகக் கிடங்கைத் திறந்து பார்த்தேன். 17004213, அத்தையின் பெயர், எல்லாம் சரி. வங்கிக்கு அனுப்பிய பட்டியலைத் திறந்தேன். 17004212 இரண்டு தடவை இருந்தது. 17004215க்குப் போக வேண்டியது 17004216க்குப் போயிருந்தது. மேலே, கீழே என்று ஓட்டிப் பார்த்தேன். 17ஆம் மையம் தொடங்கிக் கடைசி மையம் வரை அந்தப் பட்டியலில் ஒற்றைப்படை எண் ஒன்றுகூட இல்லை. ஒரு தெருவில் ஒருவிட்டு ஒரு வீடு காலியாகக் கிடப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது. ராக்கெட் வெடித்தால் ஊருக்கே தெரியும். இது சத்தமே இல்லாமல் நடந்திருக்கிறது. அத்தனை ஒற்றைப்படைக்காரர்களும் அவரவர் ஊரில் அவரவர் பக்கத்து எண்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மேலதிகாரியிடம் அன்றே சொன்னேன். நான் செய்தது என்றும் சொன்னேன். அதில் ஒன்றும் மறைக்கவில்லை. உறுப்பினர் எண்ணை எண் பாத்திரத்திலிருந்தே எடுத்து, எழுத்துப் பாத்திரத்தில் வைத்தோம். இந்தப் பாடம் தனி. கூட்டிக் கழிக்காத எதுவும் எண் அல்ல. உறுப்பினர் எண்ணை யாராவது கூட்டிப் பார்ப்பார்களா? தென்காசியின் எஸ்டிடி குறியீடு 04633. அதை எண் என்று கணினியில் போட்டால் முன்னால் இருக்கிற பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 4633 என்று காட்டும். அப்புறம் போன் எப்படி வரும்? அது எண் மாதிரி வேஷம் போட்ட பெயர்.

திருத்தப் பட்டியல் போய், தணிக்கை முடிந்து, பணம் அவரவருக்குப் போய்ச் சேர நாலு மாசம் ஆனது. அதற்குள் நான் ஊருக்கு வந்து பாம்படத்தை மீட்டு அத்தை கையில் கொடுத்தேன். இரண்டு பேரையும் திண்ணையில் உட்காரவைத்து, "யார் மேலயும் தப்பில்ல. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிட்டு" என்றேன்.

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிட்டு. அந்த வாக்கியத்தைச் சொன்ன வாய் இதே வாய்தான்.

சிநேகிதி அழுதாள். அத்தையும் அழுதாள். அடுத்த வாரம் திண்ணையில் இரண்டு சுளவு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஆனால் முன்னைப் போல வாய் ஓடவில்லை என்று அம்மா சொன்னாள். நடுத்தெருவில் வாயிலிருந்து வந்த வார்த்தைக்குத் திருத்தப் பட்டியல் கிடையாது.

அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "என் மருமவன் தங்கம். கைக்காசப் போட்டு ஆச்சி பாம்படத்த மீட்டுத் தந்தான். கம்ப்யூட்டர் செஞ்ச தப்பக் கண்டுபிடிச்சு எத்தன பேருக்குப் பணம் வாங்கிக் கொடுத்திருக்கான்!" கோயில் கொடைக்குப் போனால் நாலு பேர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வருஷமும் அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். 2015ல் நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த ஆறாம் மாசம் அத்தை போய்விட்டாள். என்னைத் தங்கம் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வருகிறேன். "ஜாவாவில் பைட் என்றால் மைனஸ் 128லிருந்து 127 வரை. சி ஷார்ப்பில் பைட் என்றால் 0லிருந்து 255 வரை. பாத்திரம் ஒரே எட்டு பிட்தான், கோடு போட்ட விதம் வேறு. நீ அனுப்புற 200, 127ஐத் தாண்டிட்டு. அவன் 256ஐக் கழிச்சு மைனஸ் 56ன்னு படிக்கான். சி ஷார்ப்பில் 'எஸ்பைட்'னு ஒண்ணு இருக்கு, அதுதான் ஜாவா பைட்டுக்கு ஜோடி. இல்லேன்னா அந்தப் பக்கம் இன்ட்டுல வாங்கி 255ஓட 'ஆண்ட்' போட்டுக்கச் சொல்லு" என்றேன். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டான்.

விடாமல் இன்னும் இரண்டு சொன்னேன். இரண்டரையை முழு எண்ணாக்கச் சொன்னால் விஷுவல் பேசிக்கின் 'சிஇன்ட்' 2 என்கும். எஸ்க்யூஎல் சர்வரின் 'ரவுண்ட்' 3 என்கும். ஒன்று பாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படைக்குப் போகும், மற்றது மேலே தள்ளும். அப்பாவின் நாலு பைசா இப்படித்தான் இன்றும் உதிர்கிறது.

அப்புறம் நம் ஊர்ப் பெயர். ஆலங்குளம், ஆறு எழுத்து. எண்ணிப் பாருங்கள்: ஆ, ல, ங், கு, ள, ம். ஜாவாவைக் கேட்டாலும் சி ஷார்ப்பைக் கேட்டாலும் 9 என்று சொல்லும். புள்ளியையும் உகரக் குறியையும் அவை தனித்தனியாக எண்ணுகின்றன. அதையே யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் எழுதினால் 27 பைட். பெயருக்கு 20 பைட் போதும் என்று எங்கோ ஒருவர் முடிவு செய்தால், நம் ஊர் பாதியில் நின்றுவிடும். "ஆறா, ஒன்பதா, இருபத்தேழா, எது சரி பெரியப்பா?" என்று கேட்டான். "மூணும் சரி. யார் மரக்கால்னு கேட்டுக்க" என்றேன்.

அவன் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னான். "நல்லவேள பெரியப்பா, இல்லேன்னா எங்க மேனேஜர்ட்ட கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னு சொல்லியிருப்பேன்."

அவனை உட்காரச் சொல்லி, அத்தை கதையை முழுசும் சொன்னேன். பதினேழாம் மையம், ஒற்றைப்படை எண், இரவு பதினொரு மணி, 'கன்வெர்ட்', பாம்படம் எல்லாம். இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. இயந்திரம் பொருந்தாது என்று சொல்லி நின்றால் அதன் வாயை அடைக்காதே, ஏன் என்று கேள் என்றேன். அப்படியும் தப்பு நடந்துவிட்டால், நான் செய்தேன் என்று சொல், நடந்த அன்றே சொல் என்றேன்.

அத்தையின் சிநேகிதி இன்னும் இருக்கிறாள். எண்பதை நெருங்குகிறாள். கண் சரியாகத் தெரியாது, சுளவை எப்போதோ மூலையில் வைத்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் மேலத் தெருவுக்கு நடந்து போனேன். அவள் திண்ணையில் உட்கார்ந்து, மரக்காலில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். பிட், ஃப்ளோட் எதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் தப்பு என்னுடையது என்பது புரிந்தது.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இத அவ இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லா, ஐயா?" என்றாள்.

ஆமாம், சொல்லியிருக்கலாம்.